துணி இல்லாமல் ஓடிய தையல் மிஷின்

எங்கள் மகள் 1978 ஆவணியில் பிறந்தாள். அப்போது எங்கள் வீட்டில் பழைய நூல் புடவை ஒன்றுகூட இல்லை. அந்தச் சித்திரையில்தான், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற அம்மாள் எங்கள் சந்துக்கு வந்துபோயிருந்தாள். என் மனைவி அதற்குள் நைலெக்ஸ் புடவைக்கு மாறிவிட்டாள். துவைத்து உதறினால் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம். காலையில் பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிற பெண்ணுக்கு அதைவிட வசதி ஏது? பெட்டியில் கிடந்த நூல் புடவைகளை மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிட்டு, பளபளவென்று ஓர் இட்லிக் குண்டான் வாங்கினாள். நானும் பக்கத்தில் நின்று அதைத் தட்டிப் பார்த்து, நல்ல கனம் என்றேன். வயிற்றில் குழந்தை இருப்பது இருவருக்கும் தெரியும். குழந்தைக்கு ஏணை கட்டப் புடவை வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

புத்தகங்களில் தூளி என்று படித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஏணை என்போம். தாயின் பழைய நூல் புடவையை உத்திரத்தில் முடிந்து தொங்கவிட்டு, அந்த மடிப்புக்குள் குழந்தையைக் கிடத்தி ஆட்டுவது. பிரசவத்துக்குப் போன என் மனைவியின் பிறந்த வீட்டில் இருந்தவரை அங்கிருந்த துணியில் குழந்தை தூங்கியது. ஐப்பசிக் கடைசியில் தாயும் பிள்ளையும் திருவண்ணாமலைக்குத் திரும்பிய பிறகுதான் குறை தெரிந்தது. இருந்த நைலெக்ஸ் புடவையில் ஒன்றைக் கட்டினோம். முடிச்சு நழுவியது, இறுக்கினோம். துணி வழுக்கி, குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்தது. வேர்த்துக் கொட்டியது. கண் அசருகிற நேரத்தில் துணி முதுகில் ஒட்டிக்கொள்ள, வீறிட்டு அழுதது.

வெறும் தூக்கப் பிரச்சினை என்றால் இதை எழுதவேண்டிய அவசியமில்லை. என் மனைவியின் விடுப்பு முடிந்து, அதை இரண்டாம் முறையாக நீட்டியிருந்தோம். அவளுக்குப் பதிலாக இன்னொரு பெண் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று வந்து சேராவிட்டால், அந்தப் பெண்ணையே நிரந்தரமாக்கவேண்டி வரும் என்று தலைமை ஆசிரியர் சொல்லியனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகள் பரீட்சைக்கு உட்கார வேண்டும். என் மனைவி அந்த வேலைக்காகத் தன் வீட்டில் எத்தனை பேரிடம் மன்றாடிப் படித்தாள் என்பதை நான் அறிவேன். எங்கள் இரு வீட்டுப் பெரியவர்களும் நிலத்தை விட்டு வரமுடியாதவர்கள். எனக்குத் தாலுகா அலுவலகம். பகலில் குழந்தை யாரிடமாவது நிம்மதியாகத் தூங்கினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் போய்விடும்.

எதற்கும் புத்தகத்தைப் புரட்டுவது என் வழக்கம். நூலகத்தில் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆட்டித் தூங்கவைக்கும் பழக்கமே கூடாது, அழுதால் அழவிடுங்கள், தானாகத் தூங்கிவிடும் என்று அதில் எழுதியிருந்தது. தீபத் திருவிழாக் கூட்டம் ஊரைவிட்டுக் கலைந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைச் செய்து பார்த்தோம். குழந்தை பாயில் கிடந்து அழுதது. என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு சமையலறையில் நின்றாள். நான் புத்தகமும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கதவு திறந்தது. எங்கள் வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்த அக்கா வந்தார். அவர் கணவருக்குக் கடைத்தெருவில் ரெடிமேட் துணிக்கடை. எல்லோருக்கும் அவர் பாய். அந்தக் கடைக்கு உள்பாவாடையும் குழந்தைகள் கவுனும் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர் இந்த அக்கா. என் மனைவிக்கு அக்கா என்பதால் எனக்கும் அக்கா.

"இன்னா சார், கொழந்தய கத்த வுட்டுட்டு புக்கு படிக்கிறீங்க? பரீட்ச எதுனா எழுதப் போறீங்களா?"

நான் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன்.

"எழுதனவருக்குக் கொழந்த இருக்குதாமா?"

அது அட்டையில் போடவில்லை என்றேன். அக்கா சிரித்துவிட்டார். குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏணையைத் தொட்டுப் பார்த்தார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

"இன்னா டீச்சர் இது, வெலாங்கு மீனு மாதிரி வழுக்குது! இதுல போட்டா நானே கத்துவேன்."

"பழைய புடவையெல்லாம் பாத்திரத்துக்குப் போட்டுட்டேங்க்கா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"அப்ப அந்தக் குண்டான்லியே படுக்க வெச்சி ஆட்டேன்."

என் மனைவி அழுகைக்கு நடுவில் சிரித்தது அன்றுதான். அக்கா போய்த் தன்னுடைய பழைய நூல் புடவை இரண்டை எடுத்து வந்தார். துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூ மாதிரி ஆகியிருந்தது துணி. முதலில் தாயின் புடவையில்தான் போடவேண்டும், பிறத்தியார் துணி ஆகாது என்று எங்கள் சொந்தத்தில் சிலர் பிற்பாடு சொன்னார்கள். அவர்கள் யாரும் புடவை கொண்டுவரவில்லை.

துணிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஆட்டினால்தான் தூக்கம், நிறுத்தினால் விழிப்பு. ஊஞ்சலை வீசுவதுபோல நாங்கள் வீசி வீசி ஆட்டினோம். அதில் குழந்தை தூங்கியதைவிட உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். பிறந்த வீட்டிலிருந்து வரும்போது, போளூர் சாலையின் குண்டு குழிகளில் பஸ் தடதடத்த நேரமெல்லாம் அது அசையாமல் தூங்கியது எனக்கு நினைவு வந்தது. அதை அக்காவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"அப்ப இது பஸ்ஸு கேக்குது. என்கிட்ட ஒண்ணு நிக்குதே" என்றார்.

தன் தையல் மிஷினைத்தான் சொன்னார். அடுத்த நாள் மிஷினுக்குச் சற்றுத் தள்ளியிருந்த உத்திரத்தில் ஏணையைக் கட்டினார். பாவாடை நாடாக்களை முடிந்து நீளமாக்கி, ஒரு நுனியை ஏணையின் அடிமடிப்பிலும் மறு நுனியை மிஷினின் கால்மிதிப் பலகையிலும் கட்டினார். பிறகு உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார். பலகை ஏறி இறங்க, நாடா இழுத்து இழுத்து விட்டது. ஏணை ஆடவே இல்லை, அதிர்ந்தது, அவ்வளவுதான். வெந்நீர் கொதிக்கத் தொடங்கும்போது பாத்திரத்தின் மூடி நடுங்குமே, அந்த அளவுக்கு. குழந்தை கொஞ்ச நேரம் விழித்துப் பார்த்தது. ஒரு கொட்டாவி விட்டது. ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டது.

"டீச்சர், நீ இத்தினி நாளா தேர இழுத்துனு இருந்த. அதுக்கு வேண்டியது மெதுவா ஒரு நடுக்கம்" என்றார் அக்கா.

மார்கழி முழுவதும் அப்படியே போயிற்று. பொங்கலுக்கு உள்பாவாடை, கவுன் என்று துணி குவிந்து கிடந்தது. மிஷின் காலையில் தொடங்கினால் மாலைத் தொழுகைவரை ஓடும். குழந்தைக்கும் அதுவே பகல் என்று ஆயிற்று. இனிப் பயமில்லை, பொங்கல் முடிந்து வேலைக்குப் போய்விடலாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

போகி அன்று பாய் வாசலில் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னார். "இன்னியோட தையல் முடிஞ்சிச்சி சார். பொங்கல் போனா மாசி வரைக்கும் கடையில ஈ ஓட்டணும். மிஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான்."

பள்ளி திறப்பதற்கு முன்பே மிஷின் நின்றுவிடும் என்பதை நாட்காட்டியை இவ்வளவு பார்க்கிற நானே கவனிக்கவில்லை. வீட்டில் சொன்னேன். என் மனைவி பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அக்காகிட்ட கேக்கக் கூடாது. அவங்க இதுவரைக்கும் செஞ்சதே ஜாஸ்தி. நான் லெட்டர் எழுதிடறேன், வரலன்னு" என்றாள்.

பொங்கல் மூன்று நாளும் அவள் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசவுமில்லை, எழுதவுமில்லை. பள்ளி திறக்கும் அன்று காலை அக்கா வழக்கம்போல வந்தார். புடவை மாற்றாமல் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தார்.

"இன்னா, பஸ்ஸு வூட்டுக்கே வந்து ஏத்திக்கினு போவுமா?"

"தையல் இல்லியேக்கா. மிஷின் ஓடலன்னா இவ தூங்க மாட்டா. உங்கள எப்பிடி நாள் பூரா..."

"மிஷின் ஓடலன்னு உன்கிட்ட யாரு சொன்னது?"

"பாய் சொன்னாராம்."

"அவருக்குத் துணி விக்கத் தெரியும். மிஷின பத்தி அவருக்கு இன்னா தெரியும்? கெளம்பு, கெளம்பு. கொழந்தய இப்பிடி குடு."

என் மனைவி முகம் கழுவி, கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் பஸ் நிலையத்துக்குப் போனாள். நான் அலுவலகம் போனேன். அன்று என்ன கோப்பு பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

மாலையில் நான் வந்து சேர்ந்தபோது அவளும் சந்துமுனையில் வந்துகொண்டிருந்தாள். இருவரும் பின்போர்ஷனுக்குப் போனோம். வாசலிலேயே மிஷின் சத்தம் கேட்டது. புதிதாக ஏதோ தையல் வந்திருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே பார்த்தால், மிஷின் மேல் துணி இல்லை. ஊசியில் நூல் இல்லை. நூல் சுற்றும்போது செய்வதுபோலச் சக்கரத்தின் பக்கத் திருகைத் தளர்த்தியிருந்தார். ஊசி அசையாமல் நிற்க, பலகையும் சக்கரமும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா மடியில் முறத்தை வைத்து மல்லாட்டைத் தோலை உடைத்து வேர்க்கடலை எடுத்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. ஏணை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பாய் மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார்," என்றார் பாய், "இல்லாத துணிய காலையிலேர்ந்து தைக்கிறா. ஊருக்கே பாவாட ரெடி."

"நீங்க சும்மா இருங்க. எழுந்துடப் போவுது."

"அக்கா, துணியே இல்லியே" என்றாள் என் மனைவி.

"இல்லன்னா இன்னா? உம் பொண்ணுக்கு அது தெரியுமா?" அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "போன காரியம் இன்னா ஆச்சி, அத சொல்லு மொதல்ல."

"கையெழுத்து போட்டுட்டேங்க்கா. கொழந்தய யாரு பாத்துக்கறாங்கன்னு ஹெட்மாஸ்டர் கேட்டாரு. எங்கக்கா வூட்ல இருக்காங்கன்னு சொன்னேன்."

அக்கா முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டார். மிதிப்பது நிற்கவில்லை. "நாளைக்கு அரிசி சீக்கிரம் வெச்சிடு. இன்னிக்கி வெறும் வயித்தோட ஓடன" என்றார்.

மாசியில் கடைக்குத் தையல் வரும்வரை அந்த மிஷின் அப்படியே வெறுமனே ஓடியது. கால் வலிக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். தைத்தாலும் இதே கால்தானே என்றார். எங்கள் மகள் நடக்கத் தொடங்கி, ஏணை வேண்டாம் என்று தானே இறங்கி ஓடிய பிறகும், பகல் தூக்கத்துக்கு அந்த மிஷின் பக்கத்தில் விரித்த கோரைப்பாய்தான் அவளுக்குப் பிடித்தது. 1983இல் அவளைப் பள்ளியில் சேர்த்தோம். அந்த வருடம் என் மனைவி கீழ்பென்னாத்தூரில் உதவித் தலைமை ஆசிரியை ஆனாள். உத்தரவு வந்த அன்று அதை முதலில் என்னிடம் காட்டவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகப் பின்போர்ஷனுக்குப் போனாள்.