மீராசாகிபு சொல்லாத குளிசை

மீராசாகிபு சைக்கிளில் துணி மூட்டை கட்டி விற்கிற மனுசன். வவுனியாவில் மன்னார் ரோட்டுப் பக்கம் அவரைத் தெரியாத வீடு இல்லை. சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓடிப் புத்தளத்து அகதி முகாமில் கன காலம் கிடந்துவிட்டு, பாதை திறந்த கையோடு பெண்சாதி சரீபாவையும் மகள் றிஸ்பாவையும் கூட்டிக்கொண்டு சொந்தக் காணிக்கு வந்தார். வந்து பார்த்தால் வீட்டில் சுவர் மட்டும் நின்றது. அதைப் பார்த்தபடி குந்தினவர்தான். பிறகு சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, ஆரோடும் கதையும் இல்லை. சரீபாதான் பெரியாஸ்பத்திரி மனநோய் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனா. இரவில் போடச் சொல்லி ஒரு சின்னக் குளிசை கொடுத்தார்கள். கொஞ்ச மாதத்தில் மனுசன் தானாக எழும்பிச் சைக்கிளுக்குக் காற்றடித்தார். ஊருக்குச் சொன்னது பிரஷர் குளிசை என்று.

அடுத்த வருசம் றிஸ்பாவுக்குச் சம்பந்தம் சரிவந்தது. நோன்புப் பெருநாள் முடியக் கலியாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஸஜாத், யோகநாதன் டொக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து எண்ணிக் கொடுக்கிறவர். தங்கமான ஆள்தான். ஆனால் அவர் காதில் விழுந்த கதை அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக் குசினிக்குப் போய்விடும்.

நோன்பு மாதம் மாரியோடு வந்தது. ஈர உடுப்போடு சைக்கிள் மிதித்து மீராசாகிபுக்கு உடம்பெல்லாம் கடி, சொறிந்து மாளவில்லை. யோகநாதன் டொக்டரிடம் போனார். வேறு மருந்து ஏதும் போடுகிறாரோ என்று டொக்டர் கேட்டார். அரைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஸஜாத் நின்றார். இல்லை என்றுவிட்டார் மீராசாகிபு.

கடிக்குக் கொடுத்த குளிசை மூன்று வேளைக்கு. நோன்பாளி மத்தியானம் எப்படிப் போடுவது? அதையும் டொக்டரிடம் கேட்கவில்லை. விடியமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, இரவில் இரண்டு, அதோடு ஒளித்து வைத்த குளிசையும் என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டார்.

கடி நின்றது. மனுசனுக்குச் சந்தோசம். வாய் காய்ந்து நாக்கு ஒட்டினது. நோன்பென்றால் காயாதா என்றார். பள்ளியில் தொழுகைக்கு நின்றபடியே தூங்கி விழுந்தார். சஹருக்கு எழும்புகிற அலுப்பு என்றார். சலம் போவது குறைந்தது, தண்ணி குடிக்காதவனுக்கு எங்கேயிருந்து வரும் என்றார். எல்லாப் பழியையும் நோன்பு சுமந்தது.

ஒருநாள் காலையில் சலம் அடியோடு நின்றுவிட்டது. கிணற்றடிக்குப் பின்னால் போவதும் வருவதுமாக இருந்தார். அடிவயிறு கல்லுப்போல. சரீபா ஆளை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனா.

“உண்மையைச் சொல்லுங்கோ, வேற என்ன மருந்து போடுறனீங்கள்?” என்றார் டொக்டர்.

மீராசாகிபு ஸஜாத்தைப் பார்த்தார். “பிரஷருக்கு மட்டும்.”

சரீபா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கடதாசி உறையை மேசையில் வைத்தா. “இது பிரஷருக்கில்ல டொக்டர், மனசுக்குப் போடுறது. இது இல்லாட்டி மனுசன் சுவரைப் பாத்தபடியே குந்தியிருப்பார். கலியாணம் நிண்டா நிக்கட்டும். வாப்பா இல்லாத கலியாணம் என்ர புள்ளைக்கு வேணாம்.”

டொக்டர் உறையைப் பார்த்தார். இரண்டு குளிசையுமே வாயைக் காய வைக்கும், நித்திரையைக் கொண்டுவரும், சலத்தை இறுக்கும் என்றார். தனித்தனியே என்றால் உடம்பு தாங்கியிருக்கும், இந்த வயதில் இரண்டும் சேர்ந்துதான் பூட்டுப் போட்டது. கடிக் குளிசையை அந்த இடத்திலேயே நிற்பாட்டினார். அப்படியென்றால் மனசுக்குப் போடுகிற குளிசையையும் இன்றோடு எறிந்துவிடுகிறேன் என்றார் மீராசாகிபு. டொக்டருக்குக் கோபம் வந்தது.

“அதை நீங்களா நிப்பாட்டக் கூடாது. தந்த கிளினிக் டொக்டர்மார் சொல்லட்டும். திரும்பவும் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறீங்களோ?”

ஸஜாத்தான் ஓட்டோ பிடித்து வந்து கூடவே ஏறினார். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கேட்டார்.

“நான் எண்ணித் தந்த குளிசையால நீங்க மவுத்தாகியிருந்தா, காக்கா, நான் எந்த முகத்தோட உங்கட மகளை எங்கட வீட்டுக்கு எடுக்கிறது?”

“இப்ப எடுப்பீங்களா?”

“முதல்ல சலம் போங்க.”

பெரியாஸ்பத்திரியில் குழாய் வைத்துச் சலத்தை எடுத்துவிட்டார்கள். கிளினிக் டொக்டர் பழைய குளிசையை மாற்றி வேறொன்று எழுதினார். இதோடு எந்த மருந்தைச் சேர்ப்பதென்றாலும் கேட்டுவிட்டுச் சேர்க்கச் சொன்னார்.

பெருநாளன்று மாப்பிள்ளையின் தாய் வந்து, இந்த மனநோய் பரம்பரையாய் வருகிறதோ என்று நேராகவே கேட்டா. வீடு வாசலை விட்டு ஓடின எல்லாரிடமும் கொஞ்சம் இருக்கும், உங்கட வீட்டிலும் தேடிப் பாருங்க என்றா சரீபா. வந்தவ வட்டிலப்பத்தில் கை வைக்காமல் போனா. கலியாணம் பின்னால் தள்ளிப்போனது. ஆனால் நடந்தது.

கலியாண வீட்டில் மீராசாகிபுக்குத் தலையிடி. சொந்தக்காரர் ஒருவர் தனக்கு டொக்டர் எழுதின குளிசையில் ஒன்றை எடுத்து நீட்டினார். இவர் அதை வாங்கி, பந்தலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கக் கூப்பிட்டார்.

“ஸஜாத், இது என்ர கிளினிக் குளிசையோட சேருமா?”

பந்தலே திரும்பிப் பார்த்தது. ஸஜாத் சோற்றுக் கையோடு வந்து குளிசையைப் பார்த்தார்.

“சேராது காக்கா. தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுக் கொஞ்சம் சாயுங்க.”