சீரில் போன கம்ப்யூட்டர்

அன்புச்செல்வி எங்கள் கடைக்கு முதலில் வந்தது விசிறி மாற்றுவதற்காக. இரண்டாயிரத்து இருபத்திரண்டு, ஆடி மாதம். விழுப்புரம் பாண்டி ரோட்டில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையில் அன்று முதலாளி இல்லை. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

"தையல் மெஷின் மாதிரி சத்தம் போடுதுண்ணா. அப்பா அந்தப் பக்கம் வந்தாலே கண்டுபுடிச்சிடறாரு."

"இன்னாத்த கண்டுபுடிக்கறாரு?"

"கேம் ஆடறத."

திறந்து பார்த்தேன். விசிறி தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் ஆடிக்கொண்டிருந்தது ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம் நின்று சுடுகிற ஆட்டம். அந்த லேப்டாப்பில் அது ஓடவே கூடாது. எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கி, படத்தைப் பாதியாகச் சுருக்கி எப்படியோ ஓட வைத்திருந்தாள்.

"நின்னு நின்னுதாண்ணா வரும். எதிராளி எட்டிப் பாக்கறதுக்குள்ள நான் செத்துடுவேன். செத்தப்புறம்தான் அவன் வந்ததே தெரியும்."

"அப்புறம் எப்படி ஜெயிக்கற?"

"கண்ண நம்பறதில்ல. ஹெட்போன்ல காலடி சத்தத்த வச்சி சுடறேன்."

நான் பி.சி.ஏ. முடித்தவன். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே முதல் பட்டதாரி. தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரி சான்றிதழை அம்மா பிளாஸ்டிக் உறை போட்டு இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கம். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு பெண் அன்று எனக்குத் தெரியாத இரண்டு வேலைகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். விசிறிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டேன், கூலி வாங்கவில்லை.

கோலியனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. அப்பா முருகையன் மூன்று ஏக்கரில் கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் வைப்பவர். அவள் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். சம்பளம் அப்படியே அம்மா கைக்குப் போய்விடும். ஆனாலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியே தீருவது என்று இருந்தாள். சனிக்கிழமை தோறும் ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்கு வருவாள். கையில் வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாள் ஒன்று இருக்கும். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல். ஐம்பதாயிரத்துக்குள் கேம் ஆடுவதற்கான டெஸ்க்டாப்.

ஒன்றரை வருடம் அந்தப் பட்டியலை நாங்கள் அடித்து அடித்து எழுதினோம். நான் பெரிய ப்ராசசர் சொன்னால் அவள் அதை அடித்துவிட்டு, மிச்சத்தை, ஆட்டத்தின் படத்தை வேகமாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டில் போடுவாள். தனியாகக் கார்டு போடுவதால் தானாகப் படம் காட்ட முடியாத ப்ராசசரே போதும், விலையும் குறைவு என்று அவளே கண்டுபிடித்தாள். கேபினெட்டோடு சும்மா கிடைக்கும் பவர் சப்ளையைப் போட்டால் மூவாயிரம் மிச்சம் என்றேன் ஒருநாள்.

"அய்யோ, வேணாம்ணா. எங்க ஊர்ல மோட்டார் போட்டா லைட்டு மங்கும், நிறுத்துனா பளிச்சுன்னு ஏறும். அந்த பொட்டி மொத ஆளா சாவும். சாவறப்ப கார்டையும் கூட்டிக்கினு போயிடும்."

வெளிக்கூடான கேபினெட் மட்டும் இருப்பதிலேயே மலிவு. முன்பக்கம் முழுக்க வலை, கறுப்புத் தகரம், விளக்கு எதுவும் கிடையாது. "அதுக்கு மூச்சு விட மூக்கு இருந்தா போதும், முகம் வேணாம்" என்பாள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. புதுச்சேரியில் சித்ரா என்று ஒரு பெண், பெண்கள் மட்டுமே ஆடும் ஐந்து பேர் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். நால்வர் நிலையாக இருந்தார்கள். ஐந்தாவது இடத்தில் அவ்வப்போது அன்புச்செல்வியை ஆட வைப்பார். அந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு இவள் ஆடுவதைப் பார்த்து அவரே சொன்னாராம்: "பங்குனியில ஆன்லைன்ல தகுதிச் சுற்று. அதுக்குள்ள நல்ல கம்ப்யூட்டர் வச்சிக்கோ, ஒரு மாசம் எங்களோட பழகு. இடம் உன்னுது." அதை என்னிடம் சொன்ன நாளில் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கடைக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்தாள்.

அப்பாவிடம் கேட்டாள்.

"அம்பதாயிரத்த போட்டு கேம் ஆடப் போறியா? ஒரு கறவ மாடு வாங்கி கட்னாலும் தெனம் பாலு வரும்" என்றார் முருகையன். அதோடு பேச்சு முடிந்தது.

அந்தக் கார்த்திகையில் அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. திண்டிவனம். பெயர் கோகுலகிருஷ்ணன், ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை. தை மாதம் கல்யாணம்.

"புடிச்சிருக்காம்மா?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்குண்ணா. நல்லா பேசறாரு. நான் கேம் ஆடுவேன்னு சொன்னேன், சிரிச்சாரு. ஆனா கம்ப்யூட்டருதான் போச்சு. அப்பா கைல இருக்கறதெல்லாம் சீருக்கே போவுது. பீரோ, கட்டிலு, வாஷிங் மெஷினு, டிரெஸ்ஸிங் டேபிளு."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். சொல்லும்போது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"வாஷிங் மெஷினும் டிரெஸ்ஸிங் டேபிளும் வேணாம்னு சொல்லு. அதுக்கு பதிலா சீர்ல கம்ப்யூட்டர் வெக்கச் சொல்லு. பொண்ணு ஆடறதுக்குக் குடுக்காதவரு, சீர்னா குடுப்பாரு."

"படிச்சவங்க படிச்சவங்கதாண்ணா" என்றாள்.

நான் சொன்னபடியே நடந்தது. மறுவாரம் முருகையன் வேட்டி சட்டையில் மகளோடு கடைக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டாராம். கம்ப்யூட்டர் என்றதும் அவர்களுக்கும் சந்தோஷமாம்.

"ஒரே பொண்ணு. சீர்ல ஒரு கொற இருக்கக் கூடாது தம்பி. இதுல லைட்டு எரியாதா?"

"எரியாதுங்க. வேகத்துக்கும் லைட்டுக்கும் சம்பந்தமில்லிங்க."

"வேகம் எவன் கண்ணுக்குத் தெரியப் போவுது? மண்டபத்துல நாலு பேரு பாக்கணுமில்ல. அதோ, அந்த கண்ணாடி வச்சத போடு."

சுற்றிலும் கலர் கலராக எரியும் கண்ணாடி கேபினெட்டைக் காட்டினார். அதற்கு ஆறாயிரம் கூட. மகள் பக்கம் திரும்பினார். அவள் பட்டியலில் இருந்த நல்ல மானிட்டரை அடித்துவிட்டு சாதாரண மானிட்டர் எழுதினாள்.

"அப்பா, லைட்டு எவ்ளோ வேணா போட்டுக்கங்க. கார்டுல மட்டும் கை வைக்காதீங்க."

"எந்த கார்டும்மா?"

"அது உனக்குத் தெரியாதுப்பா. உள்ள இருக்கும்."

பில் அவர் பெயருக்குப் போட்டேன். கையெழுத்துப் போட்டபடி, "எந்த ஊரு தம்பி நீ?" என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். "ஊருலயா, காலனியா?" என்றார். காலனி என்றேன். அதற்குப் பிறகும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். அவருக்கு வாங்கி வைத்திருந்த டீ மட்டும் மேசைமேல் ஆறிப்போனது.

திண்டிவனத்தில் மண்டபம். சீர்ப் பொருள்கள் குட்டியானை வண்டியில் வந்து இறங்கின. விளக்கு எரியவேண்டும் என்று முருகையன் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பீரோவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் மேசை போட்டு கம்ப்யூட்டரை வைத்து மின்சாரம் கொடுத்தேன். யாரோ ஒரு அம்மா கண்ணாடியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். பிள்ளைகள் சுற்றி நின்று அது நிறம் மாறுவதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நோட்டைப் பிரித்து, பீரோ ஒன்று, கட்டில் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

மேடையில் மாலையோடு நின்ற அன்புச்செல்வியிடம் போய்ப் பரிசுக் கவரைக் கொடுத்தேன். போட்டோவுக்குச் சிரித்தபடியே உதடு அசையாமல் கேட்டாள்.

"டிரைவர் சாஃப்ட்வேர் எல்லாம் போட்டாச்சாண்ணா?"

"எல்லாம் போட்டாச்சு. கேமும் இறக்கி வச்சிட்டேன்."

அவள் அப்போது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எந்த போட்டோவிலும் வந்திருக்காது. அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மாசி கடைசியில் திண்டிவனத்திலிருந்து எங்கள் கடைக்கு போன் வந்தது. பேசியது கோகுலகிருஷ்ணனின் அண்ணன் தமிழ்மணி. அங்கே பெயிண்ட் கடை வைத்திருப்பவர். முதலாளி பேசி முடித்துவிட்டு ஒரு பில் பிரிண்டர், ஒரு பார்கோடு கருவி, சின்ன டிஸ்ப்ளே கார்டு ஒன்று, மூன்றையும் என் பையில் போட்டு அனுப்பினார். அவர்கள் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெயிண்ட் டின்களுக்கு நடுவில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், அந்தக் கண்ணாடிப் பெட்டி கலர் கலராக எரிந்துகொண்டிருந்தது. மூலையில் குங்குமம் இன்னும் இருந்தது. முன்பக்கமெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

"வா தம்பி. இதுல பில்லு போடற சாஃப்ட்வேர ஏத்திடு. உள்ள ஏதோ பெரிய கார்டு ஒண்ணு இருக்காமே, அது கரண்டையும் இழுக்குது. அத உங்க முதலாளி எடுத்துக்கறன்னாரு, பிரிண்டருக்கும் அதுக்கும் சரியாப் போச்சு" என்றார் தமிழ்மணி.

"அதக் கழட்டுனா படமே வராதுங்க."

"அதுக்குத்தான் சின்னது ஒண்ணு குடுத்து விட்டிருக்காரே. பில்லுல எழுத்து தெரிஞ்சா போதும் நமக்கு."

பெட்டியைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தபோது அன்புச்செல்வி சாப்பாட்டு கேரியரோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு கணம் நின்றாள். தமிழ்மணி கேரியரை வாங்கிக்கொண்டு பின்னால் கை கழுவப் போனார்.

"நீ ஒண்ணும் கேக்கலியாம்மா?" என்றேன்.

"கேட்டேன். சீர்ல வந்தது வூட்டுக்குத்தான், தனியா உனக்கின்னா வந்ததுன்னு அத்த கேட்டாங்க. அவங்கள கொற சொல்ல முடியாதுண்ணா. சீருன்னு நாமதான் எழுதி குடுத்தோம். பில்லு அப்பா பேர்ல, பொருளு மாப்பிள வூட்டுது. நடுவுல நான் எங்க வர்றேன்?"

"உங்க வூட்டுக்காரரு?"

"அவரு நல்லவருதாண்ணா. அண்ணன் கேட்டா இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. அவர படிக்க வச்சதே இந்த மாமாதான்."

"சித்ரா மேடம்?"

"ரெண்டு வாரம் வெயிட் பண்ணாங்க. அப்புறம் சேலத்துல இருந்து ஒரு பொண்ணு வந்துட்டா. நல்லா ஆடறாளாம்."

யோசனை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். "வுடுங்கண்ணா" என்றாள், நான் சொல்வதற்கு முன்பே. "நீங்க எனக்கு கம்ப்யூட்டர் கெடைக்கணும்னுதான் சொன்னீங்க."

தமிழ்மணி சாப்பிட்டுக்கொண்டே உள்ளிருந்து குரல் கொடுத்தார். "அதுல கேமு கீமு இருந்தா அழிச்சிடு தம்பி. கடப் பசங்க உக்காந்துக்குவானுங்க."

"நானே அழிக்கறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆட்டத்தைத் திறந்தாள். அந்தக் கார்டில் அது எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவள் ஆடி நான் பார்த்ததில்லை. அவள் ஆடவில்லை. ஓரத்தில் இருந்த கணக்கை மட்டும் திறந்து பார்த்தாள். இந்தக் கம்ப்யூட்டரில் மொத்தம் ஆடியது பதினோரு மணி நேரம். பிறகு மூடினாள். மௌஸைக்கூடத் தொடாமல், விசைகளாலேயே நான்கைந்து தட்டில் அழித்துவிட்டாள்.

ஈரக் கையைத் துடைத்தபடி வந்து பின்னால் நின்ற தமிழ்மணி அதைப் பார்த்துவிட்டார்.

"பரவால்லியே, கை ஜல்தியா போவுதே. இனிமே காலைல நீயே வந்து பில்லு போடும்மா. வெளி ஆளுக்கு எதுக்கு சம்பளம்?"

"சரி மாமா" என்றாள்.

கேரியரை எடுத்துக்கொண்டு அவள் தெருமுனை திரும்பும்வரை நான் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கார்டைக் கழற்றினேன். நாற்பது நாளில் அதன்மேல் சூடேறிய அடையாளம்கூட இல்லை. நான்கு நாளில் வளவனூரிலிருந்து வந்த ஒரு இன்ஜினியரிங் மாணவன் அதை வாங்கிப் போனான். அதற்கும் பில் போட்டது நான்தான். "யூஸ் பண்ணதாண்ணா?" என்று கேட்டான். இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன்.

இப்போதும் கடைக்கு அப்பாக்கள் மகள்களோடு கம்ப்யூட்டர் வாங்க வருகிறார்கள். பில் யார் பெயருக்கு என்று கேட்கிறேன். பெண் பெயருக்குப் போடலாமா என்று நானாகவே சொல்லிப் பார்க்கிறேன். சிலர் சரி என்கிறார்கள். சிலர், உனக்கெதற்கு அது என்பதுபோல் பார்க்கிறார்கள்.

அன்புச்செல்வி திண்டிவனத்தில் இருக்கிறாள். வயது இருபத்தைந்து, எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை பெயிண்ட் கடையில் பில் போடுகிறாள். சம்பளம் கிடையாது. கேம் ஆடுவதில்லை.