மிளகின் முன்னங்கால்

அரத்தக்கா தர்பூசணியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். கடைக்காரரே தட்டிக் காட்டினால் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். குதிரைக் குளம்பைச் சீவி, அரத்தால் ராவி ஒழுங்குபடுத்துவது அவள் தொழில். பெயர் வந்தது அப்படித்தான். லாடம் என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. "பொறக்கும்போது செருப்பு போட்டுக்கிட்டா பொறந்துச்சு? கல்லு மண்ணுல வெறுங்காலா நடந்தா குளம்பு தானா இறுகும்" என்பாள். இதில் வேடிக்கை, அந்த ஊரில் இருந்த ஒரே லாடக்காரன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

நான் அந்தக் குதிரை லாயத்தின் அலுவலக அறையில் வேலை பார்த்தேன். பிழைக்க வந்த இடம். யாராவது குரலை உயர்த்தினாலே வேலை போய்விடுமோ என்று பயந்துவிடுவேன். இரண்டு மொழி படித்தும் இரண்டிலும் 'மாட்டேன்' என்று சொல்ல வராது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். "எல்லாத்துக்கும் தலையாட்டுறவன் எதையோ மறைக்கிறான்" என்று அரத்தக்கா என் காதுபடவே சொன்னாள்.

முதலாளியம்மாவின் செல்லம் மிளகு என்ற கறுப்புக் குதிரை. அரத்தக்கா அதன் லாடத்தைக் கழற்றிய பிறகு நன்றாகத்தான் நடந்தது. ஒருநாள் காலையில் முன்னங்காலை ஊன்றப் பயந்து, சுடுமணலில் நிற்பதுபோல் மாற்றி மாற்றி வைத்தது.

"அக்கா, சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன்" என்றார் முதலாளியம்மா. "சரியாகலைன்னா உங்க தம்பியை வரச்சொல்லி லாடம் அடிச்சிடுவேன். மிளகுக்கு மட்டுமில்ல, எல்லாக் குதிரைக்கும்."

மற்ற லாயங்கள் எல்லாம் தம்பி கையில் இருந்தன. இதுவும் போனால் அரத்தக்கா அரத்தைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதான்.

அவள் குந்தி உட்கார்ந்து குளம்பைத் தொட்டாள். சுட்டது. கணுக்காலுக்குக் கீழே விரல் வைத்து நாடி பார்த்தாள். திடும் திடும் என்று அடித்தது.

"நான் சீவினதுல கோளாறு இல்ல. உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு. யாரோ இதுக்கு இனிப்பு குடுக்கறாங்க." சொல்லும்போது அவள் கண் என் சட்டைப் பையில் இருந்தது.

மிளகுக்கு இனிப்பு ஆகாது, தின்றால் குளம்புக்குள்ளே வீக்கம் வந்துவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் காய்ந்த புல்லைத் தொட்டியில் ஊறவைத்துத்தான் போட வேண்டும் என்றும் அரத்தக்கா உத்தரவு போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டாள். "சுவத்துக்கும் காது உண்டு. அந்தக் காது என் தம்பி தலையில இருக்கு."

மறுநாள் தம்பியே வந்து சிக்கினான்.

"டேய், கையை நீட்டு."

"எதுக்குக்கா?"

அவள் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். "சக்கரை வாசனை அடிக்குது."

"இப்பதான் டீ குடிச்சேன்."

"டீயைக் கையிலயா ஊத்திக் குடிச்ச?"

"உனக்கு என்மேல சந்தேகம்னா நேரா சொல்லிடு."

"உன்மேல மட்டும்னு யாருடா சொன்னா?"

அன்று மதியம் மிளகின் கொட்டிலில் புல்லுக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து காவல் இருக்கப் போனாள். என்னையும் இழுத்துப்போனாள். "வெளிய விட்டா நீ போய்ச் சொல்லிடுவ." முதலாளியம்மா அலுவலக அறையில் என்னைத் தேடினால் என்ன பதில் சொல்வது என்று நான் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. வந்தவர் முதலாளியம்மாவேதான்.

தொட்டியிலிருந்து ஊறிய புல்லை அள்ளி மிளகுக்குப் போட்டார். பிறகு, புல் ஊறிய பழுப்புத் தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு அதன் முன்னால் வைத்தார். "குடிடா என் ராசாத்தி." மிளகு ஒரே உறிஞ்சாக உறிஞ்சியது.

அரத்தக்கா கட்டுகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். "ஐயோ, என்னம்மா பண்றீங்க?"

முதலாளியம்மா வாளியைக் காட்டினார். "புல்லோட சத்தெல்லாம் இந்தத் தண்ணியிலதானே இறங்கியிருக்கு? சத்து இறங்கத்தான் ஊறவைக்கச் சொல்றீங்கன்னு நெனச்சேன். தெனமும் குடுக்கிறேனே!"

"சத்து இல்லம்மா, சக்கரை! புல்லுல இருக்கிற சக்கரை தண்ணியில போகட்டும்னுதான் ஊறவைக்கச் சொன்னேன். அதைக் கீழ கொட்டணும்!"

"கொட்டணும்னு நீங்க சொல்லவே இல்லையே அக்கா?"

அரத்தக்கா வாளியையும் தொட்டியையும் தானே இழுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். அன்றுமுதல் அந்த வேலையை வேறு யாரும் தொட அவள் விடவில்லை.

சனிக்கிழமை தம்பி ஆணிப் பெட்டியோடு வந்து நின்றான். குளம்பில் சூடு இறங்கியிருந்தது, நாடித் துடிப்பு தணிந்திருந்தது. மிளகு மெதுவாக, ஆனால் காலை ஊன்றியே முற்றத்தைச் சுற்றி வந்தது.

"இனிமே எதைச் செய்யச் சொன்னாலும் காரணத்தையும் சொல்லணும். அதுக்குச் சம்மதம்னா குதிரைங்க வெறுங்காலாவே இருக்கட்டும்" என்றார் முதலாளியம்மா. "இப்பவே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அரத்தக்கா தம்பியைப் பார்த்தாள். "நீ கொஞ்சம் வெளிய போடா."

"நான் கேட்டா புல்லு கசந்துடுமா?"

வேறு வழியில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல் சொன்னாள். எதை ஊறவைக்கணும், எதைக் கொட்டணும், எந்தப் புல் ஆகாது, சூட்டை எங்கே தொட்டுப் பார்க்கணும். தம்பி கைகட்டிக் கேட்டான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் தலை மறைந்ததும் அரத்தக்கா என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அவன் ஏன் ஒரு கேள்விகூடக் கேக்கல?"

"எல்லாம் புரிஞ்சிருக்கும் அக்கா."

"எனக்கு அதான் பயம்" என்றாள்.