மாமாவின் பெட்டியும் ஆறு இலக்க எண்ணும்

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் காலியாவது மூளை, அடுத்தது வயிறு. இந்த வரிசை பன்னிரண்டு வயதிலேயே உறுதியாகிவிட்டது.

அப்போது ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில், ஒன்பதாம் மாடியில் இருந்தோம். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த தாய்மாமா சனிக்கிழமை சாயங்காலம் கல்யாணத்துக்காக ஊருக்குப் பறக்க வேண்டும். பெண்ணை முடிவு செய்தது அம்மா. மாமா போட்டோவில் பார்த்ததோடு சரி. புதுப் பெட்டியில் துணிமணி அடுக்கி, பாஸ்போர்ட்டையும் உள்ளே ‘பத்திரமாக’ வைத்ததும் அம்மாதான்.

பெட்டியில் இரண்டு எண் பூட்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று சக்கரம். அந்த வாரம் கணக்கு ஆசிரியர் ஒரு புதிர் போட்டிருந்தார்: ஒன்றிலிருந்து பதினாறு வரை எல்லா எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் எது? இரண்டு நாள் மல்லுக்கட்டி விடை கண்டேன். ஆறு இலக்கம். பெட்டியிலும் ஆறு சக்கரம். கை சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை காலை நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சக்கரங்களைத் திருப்பி, அதையே பூட்டின் எண்ணாக்கிப் பெட்டியை மூடினேன். நோட்டைப் பள்ளியில் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்குப் பாஸ்போர்ட்டை எடுக்கப் போனால் பெட்டி திறக்கவில்லை. என் முகமே என்னைக் காட்டிக் கொடுத்தது.

“நம்பர் என்னடா?” என்றார் அம்மா.

“மறந்துடுச்சும்மா. ஆனா எல்லாத்தாலயும் வகுபடும்.”

“இப்ப உன்னைத்தான் ரெண்டா வகுக்கப் போறேன்!”

சுத்தியல் எடுக்கப் போனவரை மாமா தடுத்தார். “வேணாங்க்கா, புதுப் பெட்டி லா. பையன் நிதானமா யோசிக்கட்டும்.” சொல்லிவிட்டு இன்னொரு கோப்பி கலக்கிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு!

நான் ஒன்றிலிருந்து பதினாறு வரை எல்லாவற்றையும் பெருக்கினேன். பதினான்கு இலக்கம் வந்தது. பெட்டிக்கு இன்னும் எட்டுச் சக்கரம் தேவை. கழிவறைக்கு ஓடினேன்.

ஞானம் அங்கேதான் பிறந்தது. பதினாறு இருந்தால் இரண்டு, நான்கு, எட்டு அதற்குள்ளேயே அடக்கம். ஒன்பதுக்குள் மூன்று அடக்கம். கூட ஓர் ஐந்து. இவற்றைப் பெருக்கினால் எழுநூற்று இருபது. ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து எல்லாம் இந்தக் கூட்டணிக்குள் வந்துவிடும். மிச்சம் ஏழு, பதினொன்று, பதின்மூன்று; ஏழு வந்தால் பதினான்கும் வந்துவிடும். மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று. எந்த மூன்று இலக்க எண்ணையும் ஆயிரத்தொன்றால் பெருக்கினால் அதே எண் அடுத்தடுத்து இரண்டு முறை வரும்!

720720.

கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தேன். இடது பூட்டில் 720, வலது பூட்டிலும் 720. டிக், டிக். அம்மா அழுதுகொண்டே கட்டிப்பிடித்து, அதே கையால் தொடையில் கிள்ளினார். எனக்கு வலிக்கவே இல்லை. உயிர் திரும்பி வந்தவனுக்குக் கிள்ளல் ஒரு பொருட்டா? மாமா மட்டும் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

மாமாவும் மாமியும் இன்று பொங்கோலில் சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அன்று விமான நிலையம் போகும் டாக்சியில் மாமா என் காதருகே குனிந்து கேட்டார்: “ஏன்டா மாப்ளே, இவ்வளவு சீக்கிரமாவா கண்டுபிடிப்ப?”

பாராட்டுகிறார் என்று நினைத்தேன். “அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா கண்டுபிடிக்கிறேன் மாமா” என்று வாக்குக் கொடுத்தேன்.