வளைகாப்பு வளையலை உடைத்த கை

அறுபதுகளின் தொடக்கம். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஊரில் எனக்கு வளைகாப்பு நடந்தது. தாயில்லாத பெண் நான். அதனால் பிரசவமும் மாமியார் வீட்டில்தான் என்று முடிவாகியிருந்தது. கணவருக்கு விழுப்புரத்தில் ரயில்வே வேலை. லீவு கிடைத்தால்தான் வருவார்.

அந்த வீட்டில் எனக்கு ஒரே ஆறுதல் நாத்தனார்தான். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். வளைகாப்பன்று அவரைச் சமையல்கட்டை விட்டு வெளியே வரவிடவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து என் இடுப்பு வலிக்கும் கால் குடைச்சலுக்கும் எண்ணெய் தடவ மட்டும் அவர் கை ஆகிவந்தது! என்ன நியாயமோ போங்கள். விளக்கெண்ணெயை லேசாகச் சுடவைத்து முதுகு, இடுப்பு, கை, கால் என்று பதமாகத் தடவுவார். வயிற்றில் மட்டும் கை வைக்கமாட்டார். எனக்குக் கண் சொக்கிப்போகும்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை. எழுந்ததிலிருந்தே தலை விண்விண்ணென்று தெறித்தது. தோளிலிருந்து எண்ணெயை வழித்துக்கொண்டு வந்த நாத்தனாரின் கை, என் மணிக்கட்டில் சட்டென்று நின்றது. கலகலவென்று ஓடும் கண்ணாடி வளையல்கள் சதைக்குள் பதிந்து அசையாமல் கிடந்தன.

"கண்ணுல பூச்சி பறக்குதா?" என்றார்.

ஆமாம் என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, ஜல்தியா வண்டி கட்டச் சொல்லு. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

மாமியார் அசரவில்லை. "நீர் கோத்துக்கினு இருக்குது. சோம்புத் தண்ணி குடிச்சா வத்திடும். இன்னிக்கு அஷ்டமி, வாசப்படி தாண்டக்கூடாது."

என் விரல்கள் நீலம் பாய ஆரம்பித்தன. நாத்தனார் எழுந்துபோய்ப் பாக்குவெட்டியை எடுத்து வந்தார். எண்ணெய்க் கையால் ஒரு வளையலை நெம்பித் தூக்கி, பாக்குவெட்டியில் கவ்வி நெரித்தார். அது படீரென்று உடைந்தது.

மாமியார் அலறிவிட்டார். "தாலியறுத்தவ கையால வளைகாப்பு வளையலையா உடைக்கிற? அவ புருஷன் உசுரோட கீறான்டி!"

படிக்காதவள்தானே நான், கணவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கும் பயம். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. அடுத்த வளையலையும் உடைத்துக்கொண்டே சொன்னார்: "என் புள்ளைய இந்த வீக்கம்தான் எடுத்துக்கினு போச்சு. அன்னிக்கும் நாள் நல்லா இல்லேன்னுதான் என்னைக் காக்க வெச்சீங்க."

அதைக் கேட்டதும் வாசலுக்கு ஓடி, வண்டி கட்டச் சொல்லிக் கத்தியது மாமியார்தான்.

கூட்டேரிப்பட்டு வரை மாட்டு வண்டி, அங்கிருந்து பஸ். வழி முழுக்க எனக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு எங்களைத் திட்டித் தீர்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்குமாம். அங்கேயே படுக்கவைத்துப் பார்த்தார்கள். எலிக்குஞ்சு மாதிரி ஒரு மகள் பிறந்தாள், உயிரோடு. கணவரும் குத்துக்கல்லாட்டம் வந்து நின்றார்!

பேர் வைத்த அன்று குழந்தைக்குக் காப்புப் போட வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய் நாத்தனார் மடியில் மகளைக் கிடத்தி, காப்பை அவர் கையில் கொடுத்தேன். பின்னாலேயே வந்த மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை.

எனக்கு வளையல் போட ஊரே வந்தது. என் உயிருக்காக அதை உடைக்கத் துணிந்தது, யாரும் கூப்பிடாத அந்த ஒரு கைதான்.