கரையான் தின்ற கடைசி அத்தியாயம்

அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் மண் வாசனை வரும், பிறகு மூக்கைத் துளைக்கிற "பாச்சை உருண்டை" நெடி. எங்கள் சேரப்பணஞ்சேரி வேதக்கோயிலில் போதகர் மாறிப்போனபோது பழைய அலமாரியைக் காலி செய்ததில், கரையான் மிச்சம் வைத்திருந்த ஒரே இங்கிலீஷ் நாவல் அதுதான். 1991-இல் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்துச் சும்மா இருந்த என்னிடம், பள்ளிக்கூட வாத்தியாரும் கோயில் செயலாளருமான அப்பா, அதையும் ஓர் அகராதியையும் கொடுத்துத் தினம் இரண்டு பக்கம் படிக்கும்படி உத்தரவு போட்டார்.

விக்டோரியா ராணி காலத்து நகைச்சுவை நாவல், வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று முன்னுரை சொன்னது. எனக்கு வலித்ததெல்லாம் தலைதான். ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு கோயில்கள். ஒன்றில் அங்கி போட்ட குருவானவர் பீடத்தில் இரண்டு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றிவிட்டார் என்று ஒரு சீமாட்டி குடையாலேயே அவற்றைத் தட்டி அணைக்கிறாள். மற்றதில் மெழுகுவத்தியும் கிடையாது, அங்கியும் கிடையாது, ஜெபப் புத்தகமும் கிடையாது, வாய்க்கு வந்தபடி ஜெபிக்கிறார்கள். முதல் கோயிலைச் சேர்ந்த தொப்பி வியாபாரி ஒருவர், தன் மகள் எதிர்க்கோயில் பையனைக் கட்டிக்கொள்கிறாள் என்பதற்காகக் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்கிறார். ஒரே இயேசு, ஒரே வேதாகமம், இதில் சண்டை எதற்கு, சிரிப்பு எங்கே?

இதே கூத்து எங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது, அகராதிக்குள் தலையை விட்டிருந்த எனக்குத்தான் உறைக்கவில்லை. எஸ்தர் அக்காவுக்குச் சுங்குவார்சத்திரம் டேவிட்டைப் பிடித்திருந்தது. அவர்கள் "அல்லேலூயா சபை". பொட்டுத் தங்கம் போடக்கூடாது. குழந்தையில் நெற்றியில் தெளித்த ஞானஸ்நானம் செல்லாது, முழுக்கு எடுத்தால்தான் கல்யாணம். கோடையில் ஏரி வற்றிக் கிடந்ததால், வடக்குப்பட்டு முனுசாமி அண்ணனின் பம்புசெட்டுத் தொட்டியைக் கேட்டு வைத்திருந்தார்கள். "தாராளமா முழுவட்டும், எப்டியும் கரும்புக்குப் பாயப்போற தண்ணிதான்" என்று அவர் சொல்லிவிட்டார். அப்பாதான் மசியவில்லை.

"நான் குடுக்க வச்ச ஞானஸ்நானம் செல்லாதுன்றவன் கோயிலுக்கு நான் இன்னாத்துக்கு வரணும்?"

"அப்பா வராங்காட்டி எனக்குக் கல்யாணமே வாணாம்" என்றாள் அக்கா.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் நாவலில் எனக்கு இருந்த சந்தேகத்தைக் கேட்டுவைத்தேன். அப்பாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரு கூட்டத்துக்குப் பிஷப்பும் அங்கியும் உண்டு, மற்றவர்கள் அதெல்லாம் வேண்டாம் என்று பிரிந்து போனவர்கள் என்று சோற்றைப் பிசைந்தபடியே விளக்கினார். "எல்லாம் மனுசன் போட்டுக்கினு கீற சட்டம்மா. அதுக்காவ பெத்த பொண்ணு கல்யாணத்துக்குப் போவாம இருப்பானா? சுத்தக் கிறுக்கன்!" என்று புரையேறச் சிரித்தார்.

குழம்பு ஊற்ற வந்த அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. அம்மா தரையைப் பார்த்தாள். அப்பாவின் சிரிப்பு பாதியில் அறுந்தது. கையை உதறிவிட்டு எழுந்து போனார். அது ஏன் நகைச்சுவை நாவல் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மூன்று நாள் கழித்து, சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தத் தொப்பிக்காரன் கடசீல போனானா?"

"தெர்லப்பா. கடசி அத்தியாயத்தக் கரையான் தின்னுட்ச்சி."

இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார். "போயிருப்பான்" என்றார்.

முழுக்கு ஞானஸ்நானத்தன்று வரப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கா நனைந்து ஏறியதும் திரும்பாமலே தோள்துண்டை நீட்டினார். கல்யாணத்துக்கும் வந்தார். சபையே கைதட்டிப் பாடியபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பம்புசெட்டு இருந்த இடம் ஏதோ கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் மதிலுக்குள் இருக்கிறது. அக்காவின் காதுத் துளைகள் தூர்ந்து தழும்பு மட்டும் தெரிகிறது. அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. போன மாதம்தான் அந்த நாவலின் முழுப் பிரதி என் கைபேசியில் கிடைத்தது. கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் தேடிப் படித்தேன்.

தொப்பிக்காரர் போகவில்லை. வீட்டிலேயே இருந்துகொண்டு, மகள் கொடுத்தனுப்பிய கல்யாணக் கேக்கைக் குறை சொல்லிக்கொண்டே முழுசாகத் தின்று தீர்க்கிறார்.

நல்லவேளை, கரையான் முந்திக்கொண்டது.