இரும்புக் காலுக்குக் குங்குமம்

காலையில் அரியலூர் பஸ்ஸில் என் மடியில் இரண்டு இரும்புக் கால்கள்.

பழங்காலப் போர்க்கவசம் மாட்டிக்கொண்டு நிஜமாகவே அடித்துக்கொள்ளும் விளையாட்டில் சேர்ந்திருக்கிறேன். அதற்காகப் பெரம்பலூர் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த கவசம், தொடையிலிருந்து கணுக்கால்வரை.

பக்கத்து சீட் அக்கா அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

"எந்தக் கோயிலுக்கும்மா? கால்வலிக்கு வேண்டிக்கிட்டு நான் விரல் நீளத்துலதான் வெள்ளிக் கால் வாங்கி உண்டியல்ல போட்டேன். ஒனக்கு இவ்ளோ பெரிய வேண்டுதலா?"

"காணிக்கை இல்லக்கா. ஞாயித்துக்கிழமை சண்டை இருக்கு. மழுங்கின கோடாலியால கால்லயே அடிப்பாங்க. அதுக்கு மாட்டிக்கிறது."

அக்கா இரும்பை விரலால் தட்டிப் பார்த்தார்.

"நாங்கல்லாம் கால் போனப்புறம்தான் சாமிகிட்ட ஓடுவோம். நீ முன்னாடியே செஞ்சுட்ட. வெவரமான பொண்ணு!"

நான் வாய் திறப்பதற்குள் கைப்பையிலிருந்து கோயில் குங்குமத்தை எடுத்து, இரண்டு முழங்காலுக்கும் நட்டநடுவில் பெரிய பொட்டாக வைத்துவிட்டார்.

துடைக்க மனசு வரவில்லை. விட்டுவைத்தால், கோடாலியோடு வருகிறவளுக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று நானே புள்ளி வைத்துக் கொடுத்ததுபோல் இருக்கும்.

நீங்களே சொல்லுங்கள். சாமியா, முட்டியா?